ஃப்ரீபிஎஸ்டிக்கு ரன்னர் கிடையாது: விஎம்முக்குள் டெஸ்ட் ஓட்டிய அனுபவம்

நாலைந்து பேர் சேர்ந்து ஓய்வு நேரத்தில் ஒரு பேக்கப் கருவியைப் பராமரித்து வருகிறோம். சி மொழியில் எழுதியது, டெர்மினலில் ஓடுவது. பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் லினக்ஸ்காரர்கள். ஆனால் பேக்கப் என்றதும் தேடி வருகிற இன்னொரு கூட்டம் உண்டு: ஒரு பழைய பெட்டியில் ஃப்ரீபிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளத்தைப் போட்டு, இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் வைத்து, வீட்டுக்கோ சின்ன அலுவலகத்துக்கோ ஃபைல் சர்வர் நடத்துகிறவர்கள். எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் பிழை அறிக்கை எழுதினால் இவர்களைப் போல யாரும் எழுத மாட்டார்கள். எந்தக் கட்டளை, எந்த வெர்ஷன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, எல்லாம் இருக்கும். பாதி நேரம் கூடவே பேட்சும் இருக்கும்.

பேட்சைச் சேர்ப்போம். அடுத்த ரிலீஸில் வேறொரு இடத்தில் உடையும். காரணம் எளிது: எங்களில் ஒருவரிடமும் ஃப்ரீபிஎஸ்டி கணினி இல்லை. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தருகிற ரன்னர்கள், அதாவது கோட் மாறும்போதெல்லாம் டெஸ்ட்டைத் தானாக ஓட்டும் கணினிகள், உபுண்டு, விண்டோஸ், மேக்ஓஎஸ் ஆகிய மூன்றோடு முடிந்துவிடும். டெஸ்ட் ஓடாத இயங்குதளத்தை ஆதரிக்கிறோம் என்று ரீட்மீயில் எழுதுவதற்கும் அதைக் கைவிட்டுவிட்டோம் என்று எழுதுவதற்கும் பயனருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

வழிகள் என்னவென்று பார்த்தோம். லினக்ஸிலேயே ஃப்ரீபிஎஸ்டிக்காக கிராஸ் கம்பைல் செய்தால் பில்ட் ஆகிறதா என்பது தெரியும், ஓடுகிறதா என்பது தெரியாது. சொந்தமாக ஒரு பழைய கணினியை ரன்னராக மாட்டலாம். ஆனால் பொது ரெப்போவில் அது ஆபத்து. முகம் தெரியாத யாரோ அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டில் இருக்கும் கோட் நம் வீட்டு நெட்வொர்க்குக்குள் ஓடும். கிட்ஹப்பின் ஆவணமே இதைத் தவிர்க்கச் சொல்கிறது. மிஞ்சியது ஒன்றுதான். லினக்ஸ் ரன்னருக்குள் கியூஎமு என்ற மென்பொருளால் ஒரு விஎம் (மெய்நிகர் கணினி) உருவாக்கி, அதற்குள் ஃப்ரீபிஎஸ்டியை பூட் செய்து, எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக உள்ளே போய் டெஸ்ட்டை ஓட்டுவது.

இதற்குத் தயார் ஆக்‌ஷன்கள் உண்டு. விஎம்ஆக்‌ஷன்ஸ் என்ற பெயரில் கிடைப்பது பிரபலம். தொடக்க காலத்தில் அது மேக் ரன்னரில் விர்ச்சுவல்பாக்ஸ் வைத்து ஓடியது, இப்போது லினக்ஸில் கியூஎமு. நாலு வரி எழுதினால் வேலை முடிந்தது. அவசரத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம், குறை சொல்ல மாட்டேன். நாங்கள் சில வாரம் அதை ஓட்டிவிட்டு, பிறகு சொந்தமாக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினோம். என் லேப்டாப்பிலும் அதே விஎம் அதே மாதிரி ஓட வேண்டும் என்பதுதான் காரணம். சிஐயில், அதாவது கிட்ஹப்பின் தானியங்கி டெஸ்ட்டில், மட்டும் ஓடும் ஒன்றைச் சரிசெய்ய ஒவ்வொரு முறையும் ஒரு கமிட் தள்ளி, பத்து நிமிடம் காத்திருந்து, லாக் படித்து, இன்னொரு கமிட் தள்ள வேண்டும். அந்தப் பிழைப்பு வேண்டாம்.

டிஸ்க் இமேஜுக்குக் கவலை இல்லை. ஃப்ரீபிஎஸ்டி திட்டமே ஒவ்வொரு ரிலீஸுக்கும் விஎம் இமேஜ் வெளியிடுகிறது. கியூஎமுவுக்கு வேண்டிய கியூகவ்2 வடிவமும் அதில் உண்டு. இறக்கி, ஒருமுறை கையால் பூட் செய்து, எஸ்எஸ்ஹெச் சர்வரை இயக்கி, சாவியை வைத்து, தேவையான பேக்கேஜ்களையும் போட்டு அதை மூல இமேஜாக வைத்துக்கொண்டோம். டெஸ்ட் ஓடும்போது அந்த மூலத்தில் கை வைப்பதில்லை. அதன் மேல் ஒரு மெல்லிய ஓவர்லே இமேஜ் போட்டு, மாற்றமெல்லாம் அதில் எழுதி, முடிந்ததும் தூக்கி எறிந்துவிடுவோம். பூட் லோடர் வழக்கமாக 10 வினாடி எண்ணிக்கொண்டு நிற்கும், அதையும் குறைத்தாயிற்று.

பேக்கேஜ்களை இமேஜிலேயே போட்டுவிட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. புதிய ஃப்ரீபிஎஸ்டியில் பேக்கேஜ் நிறுவும் பிகேஜி கருவிகூட முழுதாக இருக்காது. முதல்முறை கூப்பிட்டால், இன்னும் நிறுவவில்லை, இறக்கட்டுமா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். சிஐயில் யார் இருக்கிறார்கள் ஆமாம் என்று சொல்ல? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க ஓர் என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கிறது, அது இல்லாவிட்டால் ஜாப் நேரம் முடியும்வரை சும்மா நிற்கும். இன்னொன்றும் உண்டு. ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு பாயிண்ட் ரிலீஸுக்கான (இடை வெளியீடு) ஆதரவு, அடுத்தது வந்த 3 மாதத்தில் முடிந்துவிடும். அதன்பின் பேக்கேஜ்களைப் புதிய ரிலீஸில்தான் பில்ட் செய்வார்கள். பழைய இமேஜில் அவற்றைப் போடப் போனால் வெர்ஷன் பொருந்தவில்லை என்று பிகேஜி முரண்டு பிடிக்கும். உங்கள் கோடில் ஒரு எழுத்துகூட மாறாமல், ஒரு திங்கட்கிழமை காலை எல்லாம் தோற்றுச் சிவப்பாகும். இமேஜைப் புதுப்பிப்பதைத் தனி வேலையாக, தனி கமிட்டாக வைத்துக்கொண்டால் அந்த நாள் வராது.

அடுத்தது வேகம். லினக்ஸின் கேவிஎம் வசதி (விஎம்மை நேரடியாக சிபியூவிலேயே ஓட்டுவது) இருந்தால் விஎம் கிட்டத்தட்ட நிஜக் கணினி வேகத்தில் ஓடும். இல்லாவிட்டால் கியூஎமு ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷனையும் மென்பொருளிலேயே மொழிபெயர்க்கும். பல மடங்கு மெதுவாகும். இரண்டையும் வரிசையாகக் கொடுத்து, கேவிஎம் இருந்தால் எடு, இல்லாவிட்டால் மற்றதில் ஓட்டு என்று கியூஎமுவிடம் சொல்லலாம். இணையத்தில் கிடைக்கும் பாதி ஸ்கிரிப்ட்டுகள் அப்படித்தான் சொல்கின்றன. எங்கள் ஸ்கிரிப்ட்டில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கேவிஎம் இல்லையென்றால் அங்கேயே, அதே காரணத்தைச் சொல்லி நிற்க வேண்டும். கிட்ஹப்பின் லினக்ஸ் ரன்னர்களில் இப்போது கேவிஎம் கிடைக்கிறது, ஆனால் அந்த டிவைஸ் கோப்புக்கு ரன்னர் பயனருக்கு அனுமதி இருக்காது. யுடெவ் (லினக்ஸில் டிவைஸ்களின் அனுமதியை அமைப்பது) விதி ஒன்று எழுதித் திறந்துவிட வேண்டும். இது தெரியாமல் மெதுவான வழியில் ஓடினால், ஏதோ ஒரு டெஸ்ட் டைம்அவுட் ஆகி, நீங்கள் அந்த டெஸ்ட்டின் கோடைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

இதெல்லாம் சேர்த்து ஒரே விஷயம்தான் என்று பிறகு புரிந்தது. எங்கள் குழுவில் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவர் சிவப்பு வரும்போதெல்லாம் சாட்டில் ஒரே கேள்வி கேட்பார்: “அண்ணா, விஎம் போச்சா, நம்ம கோட் போச்சா?” ஆதரவில்லாத இயங்குதளத்தில் டெஸ்ட் ஓட்டுவதில் முக்கால்வாசி உழைப்பு அந்தக் கேள்விக்கு லாகைத் திறக்காமலே பதில் சொல்ல முடிகிற மாதிரி செய்வதில்தான் போனது. பதில் சொல்ல முடியாவிட்டால் என்ன ஆகும்? மூன்றாம் தடவை சிவப்பு வந்ததும் “அது எப்பவும் அப்படித்தான், ரீரன் கொடு” என்பார்கள். அப்புறம் அந்த ஜாப் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

விஎம் எழுந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதில் ஒரு நுணுக்கம். ரன்னரின் 2222 போர்ட்டை விஎம்மின் எஸ்எஸ்ஹெச் போர்ட்டான 22க்குத் திருப்பிவிடுவது வழக்கம். பலர் அந்த 2222 திறந்திருக்கிறதா என்று பார்த்து, திறந்திருந்தால் விஎம் தயார் என்று முடிவு செய்கிறார்கள். அந்தப் போர்ட்டைத் திறந்து வைத்திருப்பது கியூஎமு, உள்ளே இருக்கும் ஃப்ரீபிஎஸ்டி அல்ல. கியூஎமு தொடங்கிய நொடியிலிருந்தே இணைப்பை ஏற்றுக்கொள்ளும். உள்ளே கெர்னல்கூட எழுந்திருக்காது. அந்தச் சோதனை எப்போதும் ‘தயார்’ என்றே சொல்லும், அடுத்து வரும் எஸ்எஸ்ஹெச் தோற்கும். நம்பகமான ஒரே வழி, எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் ஒரு வெற்றுக் கட்டளையை ஓட்டிப் பார்ப்பது. அது சுழியத்தோடு, அதாவது வெற்றி என்று, திரும்பினால் விஎம் எழுந்துவிட்டது. குறித்த நேரத்துக்குள் திரும்பாவிட்டால் ‘பூட் ஆகவில்லை’ என்ற தனிப் படி சிவப்பாகும். அப்போது பார்ப்பதற்கு ஒரே சாட்சி சீரியல் கன்சோல், அதாவது விஎம் வெளியே அனுப்பும் எழுத்துச் செய்திகள்தான். ஃப்ரீபிஎஸ்டி தன் செய்திகளை சீரியலுக்கு அனுப்பும்படி லோடர் அமைப்பை மாற்றி, அதை ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொரு ஓட்டத்தோடும் சேமித்து வைக்கிறோம். நெட்வொர்க் கார்டு பெயர் மாறியது, டிஸ்க் நிறைந்தது எல்லாம் அங்கே பளிச்சென்று தெரியும்.

எக்ஸிட் கோடையும், அதாவது ஒரு கட்டளை முடியும்போது திருப்பும் எண்ணையும், கவனிக்க வேண்டும். எஸ்எஸ்ஹெச், உள்ளே ஓடிய கட்டளையின் எக்ஸிட் கோடை அப்படியே வெளியே கொடுக்கும். இணைப்பிலேயே கோளாறு என்றால் 255 கொடுக்கும். டெஸ்ட்டுகளை ஓட்டும் எங்கள் புரோகிராம் 255 திருப்பவே கூடாது என்று விதி வைத்தோம். ஆகவே 255 என்றால் விஎம் பாதியில் செத்தது, சுழியம் அல்லாத வேறு எந்த எண் என்றாலும் டெஸ்ட் தோற்றது. லாகைக் கோப்புக்கும் திரைக்கும் ஒருசேர அனுப்ப நடுவில் ஒரு பைப் போட்டால் இந்த எண் காணாமல் போய், எல்லாம் பச்சையாகிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பொய்ச் சிவப்பைவிட அது மோசம்.

முதல் ஓட்டங்களில் வந்த சிவப்பு பெரும்பாலும் டெஸ்ட் ஸ்கிரிப்ட்டுகளின் லினக்ஸ் பழக்கம். ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படை நிறுவலில் பேஷ் ஷெல் இல்லை. போட்டாலும் லினக்ஸில் இருக்கும் இடத்தில் இருக்காது. செட் (sed) கட்டளையின் ‘கோப்பிலேயே மாற்று’ ஆப்ஷன் அங்கே இன்னொரு வாதத்தைக் கேட்கும். பில்ட் கருவியான மேக் (make) என்றால் அங்கே பிஎஸ்டி மேக். கோப்புப் பெயருக்குப் பின்னால் ஆப்ஷனைப் போட்டால் லினக்ஸில் ஓடும், அங்கே அந்த ஆப்ஷனையும் ஒரு கோப்புப் பெயராகவே எடுத்துக்கொள்ளும். குனு கருவிகளையெல்லாம் விஎம்மில் நிறுவிவிட்டால் இந்தச் சிவப்பு மறைந்துவிடும், ஆசையாகத்தான் இருக்கும். ஜிமேக்கை (குனுவின் மேக்) தவிர வேறெதையும் நாங்கள் போடவில்லை. பயனரின் கணினியில் இல்லாததை டெஸ்ட் கணினியில் வைத்துக்கொண்டு பச்சை வாங்குவதில் அர்த்தமில்லை. ஸ்கிரிப்ட்டுகளைச் சாதாரண ஷெல்லுக்கு மாற்றி எழுதியதில் லினக்ஸ் பக்கமும் கோட் சுத்தமானது.

சலிப்பான அந்தப் பகுதி முடிந்த பிறகுதான் சாரமான விஷயம் வந்தது. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ரீஸ்டோர் டெஸ்ட் ஒன்று. செட்ஜிஐடி பிட் (ஒரு புரோகிராமை அதன் கோப்பின் குரூப் அதிகாரத்தோடு ஓட்டும் குறி) வைத்த ஒரு கோப்பை பேக்கப்பிலிருந்து டெம்ப் டைரக்டரிக்குள் மீட்டெடுக்க வேண்டும். கருவி செய்வது இதுதான்: கோப்பை உருவாக்கும், சிஎச்ஓன் மூலம் பழைய குரூப்பைக் கொடுக்கும், பிறகு சிஎச்மோட் மூலம் அனுமதிகளைக் கொடுக்கும். நாம் அந்தக் குரூப்பில் உறுப்பினர் இல்லையென்றால் சிஎச்ஓன் தோற்கும். அதை ஓர் எச்சரிக்கையாகப் பதிந்துவிட்டு மேலே போவோம். லினக்ஸில் வருடக்கணக்காகப் பச்சை. ஃப்ரீபிஎஸ்டியில் சிஎச்மோட் படியில் ‘அனுமதி இல்லை’ என்று நின்றது.

ஏன்? லினக்ஸில் புதிய கோப்புக்கு வழக்கமாக அதை உருவாக்கும் புராசஸின் குரூப் கிடைக்கும். பிஎஸ்டி மரபில் அந்தக் கோப்பு எந்த டைரக்டரியில் பிறக்கிறதோ அதன் குரூப் கிடைக்கும். ஃப்ரீபிஎஸ்டியின் டெம்ப் டைரக்டரி வீல் என்ற நிர்வாகிகள் குரூப்புக்குச் சொந்தம். எங்கள் டெஸ்ட் பயனர் வீலில் இல்லை. தான் உறுப்பினர் இல்லாத குரூப்பின் கோப்புக்கு ஒரு சாதாரணப் பயனர் செட்ஜிஐடி பிட் வைக்கப் போனால் ஃப்ரீபிஎஸ்டி முகத்துக்கு நேரே மறுக்கும். லினக்ஸ் அதே நிலையில் பிழை சொல்லாது, பிட்டை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடும்.

இவ்வளவும் படித்ததும் முதலில் தோன்றியது, ஃப்ரீபிஎஸ்டியில் அந்தப் பிழையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் என்பதுதான். பேட்ச்கூடத் தயார். அப்போது குழுவில் மூத்தவர் ஒருவர் கேட்டார்: “சரி, லினக்ஸ்ல அந்த ஃபைல் எந்த குரூப்ல முடியுது?” பார்த்தால், சிஎச்ஓன் தோற்ற பிறகு கோப்பு மீட்டெடுத்தவரின் சொந்த குரூப்பிலேயே இருக்கிறது. அந்தக் குரூப்பில் அவர் உறுப்பினர்தான், ஆகவே சிஎச்மோட் வெற்றி. அதாவது, வேறொரு குரூப்பின் அதிகாரத்தோடு ஓட வேண்டிய புரோகிராம், மீட்டெடுத்தவருடைய குரூப்பின் அதிகாரத்தோடு ஓடும் புரோகிராமாக மாறிவிட்டது. உடைந்து கிடந்தது லினக்ஸ் பக்கம். அங்கே அது தெரியாமல் இருந்தது, அவ்வளவே. குரூப்பை மீட்க முடியவில்லையென்றால் அந்த பிட்டையும் கொடுக்காதே என்பதுதான் சரியான தீர்வு. இரண்டு இயங்குதளத்துக்கும் ஒரே கோட்.

இந்த டெஸ்ட் முன்பே விஎம்மில் ஓடியிருக்கிறது, பச்சையாகவும் இருந்திருக்கிறது. அப்போது ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிப் பயனராக ஓட்டிக்கொண்டிருந்தோம். ரூட்டுக்கு சிஎச்ஓன் தோற்காது, சிஎச்மோட்டும் மறுக்காது. தயார் விஎம்களில் பெரும்பாலும் ரூட்டாகத்தான் உள்ளே போகிறோம், அது வசதி. அனுமதி தொடர்பான எந்த டெஸ்ட்டும் ரூட்டில் ஓடினால் ஓடாத மாதிரிதான். இமேஜ் தயாரிக்கும்போதே ஒரு சாதாரணப் பயனரை உருவாக்கி, டெஸ்ட்டை அவராக ஓட்டுங்கள்.

சிம்லிங்க்கில் (வேறொரு கோப்பைச் சுட்டும் கோப்பு) இன்னொன்று. சிம்லிங்க்காக இருந்தால் திறக்காதே என்று சொல்லி ஒரு கோப்பைத் திறக்கும்போது, அது சிம்லிங்க்காக இருந்தால் லினக்ஸ் ஈலூப் என்ற பிழையைத் தரும். ஃப்ரீபிஎஸ்டி ஈஎம்லிங்க் தரும். நெட்பிஎஸ்டி ஈஎஃப்டைப் தரும். எங்கள் கோட் ஈலூப்பை மட்டும் பார்த்திருந்தது. சின்ன மாற்றம், ஆனால் யாராவது கோப்பை சிம்லிங்க்காக மாற்றி ஏமாற்றுகிறார்களா என்று பார்க்கிற இடம் அது.

வேகத்துக்காக நாங்கள் செய்து பார்த்துக் கைவிட்டது, நினைவகத்தோடு சேர்த்து எடுக்கும் ஸ்னாப்ஷாட். பூட் ஆன விஎம்மை அப்படியே உறைய வைத்து, வேண்டும்போது எழுப்பலாம். சில வினாடியில் தயார். ஆனால் எழுந்த விஎம்மின் கடிகாரம் உறைந்த நேரத்திலேயே நிற்கும். போன வாரத்தில் இருக்கும் ஒரு கணினிக்கு இன்று தந்த சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை, கோப்புகளெல்லாம் எதிர்காலத்தில் உருவானவை. மேக் குழம்பும், இன்கிரிமென்டல் பேக்கப் டெஸ்ட்டுகள் அதைவிடக் குழம்பும். பூட் ஆக ஒரு நிமிடம்கூட ஆகாதபோது இந்தத் தலைவலி எதற்கு?

கடைசியாக இசட்எஃப்எஸ். நாங்கள் எடுத்த இமேஜ் யுஎஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் இருந்தது, பயனர்களோ இசட்எஃப்எஸ்ஸில். சரியான இயங்குதளத்தில் ஓட்டிக்கொண்டு, தவறான ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். விஎம்முக்கு இரண்டாவதாக ஒரு சின்ன டிஸ்க் கொடுத்து, அதில் இசட்எஃப்எஸ் பூல் உருவாக்கி, டெஸ்ட்டின் வேலை டைரக்டரியை அங்கே மாற்றியதும் ஒரு டெஸ்ட் சில சமயம் சிவப்பு, சில சமயம் பச்சை என்று ஆடத் தொடங்கியது. விஎம் மெதுவாக இருந்திருக்கும், ரீரன் கொடுக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் எக்ஸிட் கோட் 255 அல்ல, கன்சோலில் ஒன்றுமில்லை, ஆகவே கோடைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு கோப்பு ஸ்பார்ஸா, அதாவது நடுவில் எழுதப்படாத ஓட்டைகள் உள்ளதா என்று தெரிந்துகொள்ள, ஸ்டாட் அழைப்பு சொல்லும் பிளாக் எண்ணிக்கையைக் கோப்பின் அளவோடு ஒப்பிட்டது எங்கள் கருவி. இசட்எஃப்எஸ் எழுதியதை உடனே டிஸ்க்குக்கு அனுப்பாது. சேர்த்துவைத்து, இயல்பாக 5 வினாடிக்கொரு முறை தள்ளும். அதுவரை அந்த பிளாக் எண்ணிக்கை உண்மையைச் சொல்லாது. கம்ப்ரெஷன் இருந்தால் எப்போதுமே குறைவாகத்தான் சொல்லும். டெஸ்ட் கோப்பை எழுதிய உடனே படித்தால் ‘முக்கால்வாசி ஓட்டை’ என்று கருவி முடிவு கட்டியது. இடையில் அந்த 5 வினாடி எல்லை கடந்துபோனால் சரியாகச் சொன்னது. டெஸ்ட்டில் ஒரு ஸ்லீப் சேர்த்திருந்தால் என்றும் பச்சையாகவே இருந்திருக்கும். கோடில் பிளாக் எண்ணிக்கையை நம்புவதை விட்டுவிட்டு, ஓட்டை எங்கே, தரவு எங்கே என்று எல்சீக் அழைப்பு மூலம் ஃபைல் சிஸ்டத்தையே கேட்கும்படி மாற்றினோம்.

இப்போது புல் ரிக்வெஸ்ட் ஒவ்வொன்றுக்கும் கோப்பைத் தொடும் டெஸ்ட்டுகள் மட்டும் விஎம்மில் ஓடுகின்றன, முழுத் தொகுப்பு இரவில். மில்லிசெகண்ட் கணக்கில் நேரம் பார்க்கும் டெஸ்ட்டுகளை விஎம்முக்கு அனுப்புவதில்லை; பகிர்ந்த ரன்னருக்குள் இருக்கும் விஎம்மில் அவற்றுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தொடக்கத்தில் இந்த ஜாப் சிவப்பானாலும் மெர்ஜ் செய்யலாம் என்று வைத்திருந்தோம். பொய்ச் சிவப்பு நின்றதும் கட்டாயமாக்கினோம். கட்டாயமில்லாத சிவப்பை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பதை அந்த இடைக்காலத்திலேயே பார்த்தாயிற்று.

ஓபன்பிஎஸ்டியையும் சேர்க்கச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தத் திட்டம் தயார் விஎம் இமேஜ் தருவதில்லை, நிறுவல் இமேஜ்தான். பதில்களை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைத்துத் தானாக நிறுவச் செய்யும் வசதி அதில் இருக்கிறது, ஆகவே செய்யக்கூடியதே. ஸ்கிரிப்ட் எழுத ஒரு வாரக்கடைசி போதும். சிவப்பு வந்தால் படிப்பது யார் என்று அவரிடம் கேட்டிருக்கிறோம்.